கேமரன் மலையில் கேட்ட சத்தம்

12 டிசம்பர் 1984, புதன்

கேமரன் மலையிலிருந்து இரண்டு நாள் முன்னதாகவே இன்று உட்லண்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

ரேடியோ, டிவி, போன் எதுவும் இல்லாத விடுதியாகப் பார்த்துப் பிடித்தது நான்தான். நேற்றுக் காலை தேயிலைச் சரிவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். ஒரு சத்தம் இல்லை. எனக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் என் கணவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார்.

"என்னங்க, குளிருதா?"

"இல்ல மேரி. ஷிப்யார்டுல வேலை செய்யற சத்தம் காதுக்குள்ளேயே கேக்குது. நிக்கவே மாட்டேங்குது."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா. வீட்டுல டிவிய சத்தமா வச்சா அமுங்கிடும். இங்க ஒண்ணுமே இல்ல லா. கீழ போயிடலாம், ப்ளீஸ்."

அவர் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

பஸ்ஸில் வரும்போது டாக்டரிடம் காட்டலாம் என்றேன். "தெரிஞ்சா வேலைய விட்டு நிறுத்திடுவாங்க" என்றார்.

இப்போது ரேடியோவை அலறவிட்டு, அதன் பக்கத்திலேயே தூங்குகிறார். நான் அணைக்கவில்லை.

இன்னும் இரண்டு நாள் லீவு இருக்கிறது. ஆனாலும் நாளைக்கே வேலைக்குப் போகிறாராம். அந்த இரைச்சலுக்குள் நின்றால்தான் காது சும்மா இருக்கிறதாம்.