பேப்பர் டேப் ஒட்டிய பெட்டி

ஜூலை 9, 2024

காலையிலிருந்து மூட்டம். எதிர் டீக்கடையே தெரியவில்லை. யாரும் கூரியர் போட வரவில்லை என்பதால் என் மனைவி ராணிக்கு அனுப்பும் பெட்டியைக் கட்டினேன். காப்பித்தூள், ஊறுகாய், வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் கொடியின் மிளகு. மஸ்கட்டில் மிளகு கிடைக்காதா என்றால், கிடைக்கும். இந்த மிளகு கிடைக்காது.

அட்டையே தெரியாதபடி ஒரு முழு ரோல் பிரவுன் டேப்பைச் சுற்றினேன். சேலத்திலிருந்து எனக்கு டேப் சப்ளை செய்யும் காளியண்ணன் கடையில்தான் இருந்தார். "இதோட முதுகு பிளாஸ்டிக்குங்க. வெளித்தண்ணி உள்ள போகாது, சரி. உள்ள இருக்கற ஈரம் எங்கீங்க போகும்?" என்றார். பதினாறு வருடமாகப் பார்சல் கட்டுகிறவனுக்குப் பாடம்! தலையாட்டிவிட்டு இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

ஜூலை 10

அவள் நர்ஸ் வேலைக்குப் போய் ஒரு வருடம் ஏழு மாதம். டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்களாம். போடுவாளா? நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள், அதுதான் பயம்.

ஜூலை 24

பெட்டி போய்ச் சேர்ந்தது. வீடியோவில் காட்டினாள். மிளகெல்லாம் வெள்ளையாகப் பூசணம். மூட்டத்தில் வெயிலும் காட்டாமல் செய்தித்தாளில் மடித்து, ஏற்காட்டு ஈரத்தையும் சேர்த்துக் கட்டி அனுப்பியிருக்கிறேன். காளியண்ணன் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஏனுங்க, இப்பிடி இறுக்கிச் சுத்துனா நான் எப்பிடிங்க தொறக்கறது?" என்றாள், சிரித்துக்கொண்டே.

ஜூலை 28

அவளுக்கு முதியோர் வார்டில் வேலை. அந்த வயதில் தோல் வெங்காயத் தோல் மாதிரியாம். பிளாஸ்டிக் பிளாஸ்டர் ஒட்டினால் உரிக்கும்போது தோலும் வந்துவிடும், துணியில் செய்தது நன்றாகப் பிடிக்கும் ஆனால் எடுக்கையில் வலிக்கும், அதனால் பேப்பர்தான் என்றாள். எல்லோரும் பசையைத்தான் பார்க்கிறார்களாம், பசை எதன் மேல் தடவியிருக்கிறது என்று பார்ப்பதில்லையாம். நாளெல்லாம் டேப் ஒட்டுகிற எனக்கே இது தோன்றியதில்லை.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் என் விரலில் கத்தி பட்டது. பேப்பர் பிளாஸ்டர்தான் ஒட்டிவிட்டாள். காயம் ஆறிய பிறகும் நான் அதை எடுக்கவில்லை. அந்தக் கையை வெளியே நீட்டிக்கொண்டு ஒற்றைக் கையால் குளித்தேன். ஐந்தாம் நாள் அதுவாக விழுந்தது. எங்கே விழுந்தது என்று கடை முழுக்கத் தேடினேன்.

ஆகஸ்ட் 3

மழை. அவளுக்கு டபுள் டியூட்டி. பேசவில்லை.

ஆகஸ்ட் 19

காளியண்ணனிடம் தப்பை ஒப்புக்கொண்டேன். அவர் குத்திக்காட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பேப்பர் டேப் கேட்டேன். இந்த மூட்டத்தில் அது சாயங்காலத்துக்குள் உரிந்துவிடும், துணி டேப்பை மூடி சேரும் இடத்தில் மட்டும் போடுங்கள், மீதியை விட்டுவிடுங்கள் என்றார். மிளகை இரும்புச் சட்டியில் சூடு காட்டி வைக்க வேண்டும்.

செப்டம்பர் 12

போச்சு. கேட்டுட்டேன். வர்றியா இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னு போன்ல கத்திட்டேன். அவ மெதுவா, "அழுத்தாதீங்க"ன்னா. வெச்சுட்டா.

ஏன் கேட்டேன்? நாக்குல என்ன இருக்கு எனக்கு?

செப்டம்பர் 13

உனக்குச் சரியென்று படுவதைச் செய், நான் இங்கேதான் இருப்பேன் என்று எழுதி அனுப்பினேன். பின்பாதி முழு உண்மை. முன்பாதி உண்மையில்லை. வந்துவிட்டால் போதும் எனக்கு.

அக்டோபர் 20

இரண்டாவது பெட்டி சேர்ந்தது. நகத்தாலேயே டேப்பை உரித்துக் காட்டினாள். மிளகு நன்றாக இருக்கிறதாம். கையெழுத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நவம்பர் 26

மஸ்கட்டிலிருந்து ஒரு கார்கோ பெட்டி வந்தது. அனுப்புவதாக அவள் சொல்லவே இல்லை. மூடி சேரும் இடம் முழுக்கக் காயத்துக்கு ஒட்டுகிற மாதிரி சின்னச் சின்ன ஆஸ்பத்திரிப் பேப்பர் டேப். கார்கோக்காரர்கள் நைலான் பட்டை போட்டிருந்ததால் தப்பித்தது, இல்லையென்றால் நடுவழியில் பிரிந்திருக்கும். பதினாறு வருட அனுபவத்தில் இவ்வளவு மோசமான பார்சலை நான் பார்த்ததில்லை.

பட்டையை மட்டும் வெட்டினேன். டேப்பை ஒவ்வொன்றாக நகத்தால் எடுத்தேன். போர்வை, துண்டுகள், அடியில் அவள் இங்கிருந்து கொண்டுபோன மூன்று லிட்டர் குக்கர்.

வெகுநேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம், இனி அங்கே எதில் சமைப்பாய் என்று மெசேஜ் போட்டேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது.

"மூணு வாரந்தானுங்களே. கெடைச்சதத் தின்னுக்கறேன்."