பிள்ளைகளின் பெயர்கள் போன இடம்

ஒக்டோபர் 13, திங்கள்

காலையில் நல்ல வெயில். மதியத்துக்கு மேல் இடி, மழை. குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டேன், இந்த வருடம் இரண்டாவது.

செயலிக் கடையின் பரிசீலனைக்காரர்கள் எங்கள் கதைச் செயலியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன தடவை படம் தெளிவில்லை என்றார்கள், அது சின்ன விஷயம். இந்தத் தடவை பெரிது. பிள்ளைகளுக்கான பிரிவில் வருகிற செயலி. சந்தா கட்டுவதற்காக அதற்குள் வெளியார் கருவி ஒன்றை வைத்திருக்கிறோம். அது போனின் விளம்பர அடையாள எண்ணை எடுக்கிறதாம், எடுக்கக்கூடாதாம். அதோடு, சந்தாப் பக்கத்தைப் பிள்ளையே திறந்துவிடலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டுத்தான் திறக்க வேண்டும்.

கருவியைத் தூக்கிவிடவும் முடியாது. யார் இந்த மாதம் கட்டினார்கள், யார் நிறுத்தினார்கள் என்று பார்த்துக் கதைகளைத் திறந்துவிடுவது அதுதான். அதை நாங்களே செய்ய ஒரு வருடமாவது வேண்டும். நாங்கள் இரண்டே பேர். கதை, எழுத்து, கடிதப் போக்குவரத்து எல்லாம் நான். மற்ற எல்லாம் ரிஸ்னா. மார்க்கட்டுக்குப் பின்னால் மாடியில் ஓர் அறை, இரண்டு மேசை, ஆடுகிற கதிரை ஒன்று.

தீபாவளிக்கு முன் வந்துவிடும் என்று கடுகண்ணாவை ஊர்ப் பாலர் பாடசாலை மாலதி டீச்சரிடம் சொல்லியாகிவிட்டது. அவருடைய பிள்ளைகள்தான் மாதக்கணக்காக எங்கள் கதைகளைத் தட்டித் தட்டிப் பார்த்துச் சொன்னவர்கள்.

ரிஸ்னாவைக் கொழும்புக் கம்பனி ஒன்று வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அதைப் பற்றி மட்டும் கதைப்பதில்லை.

வாங்க: உளுந்து, நல்லெண்ணெய், செல்வாவுக்குச் சேர்ட் (வெள்ளை வேண்டாமாம் என் மனுசனுக்கு, மாநகரசபை ஒபிசில் எல்லோரும் வெள்ளையாம்).

ஒக். 14, செவ்வாய்

விளம்பர எண் நின்றது. கருவியின் அமைப்பில் ஒரே ஒரு வரி. அவ்வளவுதான்.

பெரியவர் சோதனைக்கு ரிஸ்னா ஒரு கூட்டல் கணக்கு வைத்தாள். சரியாகச் சொன்னால் சந்தாப் பக்கம் திறக்கும். பார்த்துவிடலாம் என்று குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏறிக் கடுகண்ணாவைக்குப் போனோம். முன் பல் விழுந்த ஒருத்தி விரலை மடக்கி எண்ணினாள், தட்டினாள், பக்கம் திறந்தது. போனைக் கொண்டுபோய் டீச்சரிடம் நீட்டினாள்: “டீச்சர், சல்லி கேக்குது.”

மாலதி டீச்சர் சிரித்த சிரிப்பில் அடுத்த வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

இப்போது பெருக்கல். அதுவும் எழுத்தில், பதினேழை ஆறால் பெருக்கு என்கிற மாதிரி. எனக்கே கடதாசி தேவைப்பட்டது. போதும், பெரியவர்தான் என்று நிரூபித்துவிட்டேன்.

ஒக். 15, புதன்

மழை காலையிலேயே. அம்பிட்டிய ஏற்றத்தில் த்ரீவீல் நின்று நின்று வந்தது.

செயலி என்னென்ன தகவலை எடுக்கிறது, யாருக்குக் கொடுக்கிறது என்று படிவம் ஒன்றை நிரப்பச் சொல்கிறார்கள். உட்கார்ந்தேன். ஊகித்து எழுத மனம் வரவில்லை. உண்மையில் என்ன வெளியே போகிறது என்று காட்டச் சொன்னேன். ரிஸ்னா போனை லெப்டொப்போடு இணைத்தாள். செயலியைத் திறந்ததும் வரிவரியாக ஓடியது. போனின் மொழி, நாடு, பதிப்பு எண். பிறகு அவள் கை நின்றது.

ஒரு பிள்ளையின் பெயர். பக்கத்தில் பாலர் பாடசாலையின் பெயர்.

முதல் பக்கத்தில் பிள்ளை தன் பெயரை அடிக்கும், “வணக்கம்” சொல்வதற்காக. பரீட்சித்த காலத்தில் யார் எந்தக் கதையில் நின்றுவிட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியவேண்டி, அந்தப் பெயரையும் பள்ளியையும் கருவிக்குள் அனுப்பும் வரி ஒன்றை ரிஸ்னா போட்டிருக்கிறாள். எடுக்க மறந்துபோனது. கருவியின் கணக்குப் பக்கத்தைத் திறந்தோம். எந்த நாட்டிலோ இருக்கிற கம்பனி. அங்கே எங்கள் பிள்ளைகள் வரிசையாக இருந்தார்கள், முழுப் பெயரோடு.

இதைப் பற்றிப் பரிசீலனைக்காரர்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. அவர்களுக்குத் தெரியாது.

ரிஸ்னா மெதுவாகச் சொன்னாள்: “அந்த வரிய எடுத்துட்டு அனுப்புவம் கலாக்கா. பழசு அங்கயே கெடக்கட்டும். யாரு போய்ப் பாக்கப்போறா?”

இன்றே அனுப்பினால் தீபாவளிக்கு வந்துவிடும். கீழே கடையில் யாரோ பைப் வெட்டிக்கொண்டிருந்தார்கள், பல் கூசுகிற சத்தம்.

அவளே திரும்ப வரிசையைப் பார்த்தாள். “எங்கட ராத்தாட மகள்ட பேரும் இதுல ஈக்கு” என்றாள், தன் அக்கா பிள்ளையின் பெயரைத் தொட்டுக் காட்டி.

வரியை எடுத்தாள். எல்லாப் பெயரையும் அழிக்கச் சொல்லிக் கம்பனிக்கு எழுதினேன். அது நடக்கும்வரை செயலியை அனுப்புவதில்லை.

தீபாவளி போய்விட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒக். 16, வியாழன்

தனியாகக் கடுகண்ணாவைக்குப் போனேன். ரிஸ்னாவும் வருகிறேன் என்றாள், முகம் வெளிறியிருந்தது, வேண்டாம் என்றேன்.

பெற்றோரிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று மாலதி டீச்சர் கேட்டார். பயந்துபோய்ப் பிள்ளைகளை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குக் கவலை. நியாயமான கவலை. ஆனாலும் பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிற நேரத்தில் எல்லோரையும் வகுப்புக்குள் உட்கார வைத்தார். சின்னப் பிள்ளைகளின் கதிரைகள், முழங்கால் நாடிக்கு வந்தது.

சொன்னேன். என்ன போனது, எங்கே போனது, ஏன் போனது. யாரும் கத்தவில்லை. முதலில் அது வேறு விதமாகப் பயமாக இருந்தது. ஒரு தகப்பன், இனிமேல் போகாதுதானே என்று கேட்டுவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். இரண்டு தாய்மார், சொன்னதே பெரிய காரியம் என்றார்கள்.

எல்லோரும் போனபிறகு ஒரு தாய் நின்றாள். ஆஸ்பத்திரியில் தாதி. பெயரை இங்கே எழுதவில்லை, ச. என்று மட்டும். மகளை வாசலில் செருப்புப் போடச் சொல்லி அனுப்பிவிட்டுக் கதைத்தாள்.

“அழிச்சிட்டீங்களா, இல்ல அழிக்கப் போறீங்களாங்க?”

எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை என்றேன்.

இங்கே வந்து சேர்ந்த கதையைச் சொன்னாள். புருஷன் அடிப்பான். ஒரு நாள் மகளின் மேலும் கை வைத்தான். யாருக்கும் சொல்லாமல் இடமாற்றம் கேட்டு வந்திருக்கிறாள். அவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான், இணையத்திலும்.

“அவ பேரும் இந்த ஸ்கூல் பேரும் ஒண்ணா எங்கயாச்சும் இருந்தா எனக்குத் தூக்கம் வராதுங்க. அழிஞ்ச ஒடனே சொல்லுங்க. டியூட்டில இருந்தாலும் பரவால்ல.”

அந்தப் பக்கத்தை எங்கள் இருவரையும் கம்பனியையும் தவிர வேறு யாரும் பார்க்க முடியாது என்று விளக்கினேன். தலையை ஆட்டினாள். நம்பினாளா தெரியவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் நம்பமாட்டேன்.

பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். பிலிமத்தலாவையில் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

ஒக். 17, வெள்ளி

பகல்வரை பதில் இல்லை. போனை ஐந்து நிமிடத்துக்கொரு தடவை பார்த்ததில் சார்ஜ் இறங்கியதுதான் மிச்சம். கம்பனிக்குத் திரும்பவும் எழுதினேன். பிள்ளைகளின் பெயர்கள், அதில் ஒரு பிள்ளைக்கு ஆபத்து வரலாம் என்று. யாரென்று எழுதவில்லை.

நான்கு மணி போல வந்தது. அழித்துவிட்டார்களாம், அவர்கள் எடுத்துவைத்த பிரதிகளிலும். மன்னிப்புக்கூடக் கேட்டிருந்தார்கள், பிழை எங்களுடையது. கணக்குப் பக்கத்தைத் திறந்தோம். வெறுமை. ரிஸ்னா ராத்தா மகளின் பெயரைத் தேடிப் பார்த்தாள், மாலதி டீச்சரின் பள்ளியைத் தேடிப் பார்த்தாள். இல்லை.

ச.வுக்குப் போன் எடுத்தேன். வார்டில் இருந்திருக்க வேண்டும், பின்னால் தள்ளுவண்டிச் சத்தம். சொன்னேன்.

“இன்னொரு தடவ பாத்துச் சொல்லுறீங்களா?”

போனைக் காதில் வைத்துக்கொண்டே மகளின் பெயரை அடித்தேன். ஒன்றும் இல்லை என்று திரையில் வந்ததை அப்படியே வாசித்தேன்.

“சரிங்க. இப்ப வேலையப் பாக்குறேன்” என்றாள். வைத்துவிட்டாள்.

நானும் ரிஸ்னாவும் கீழே போய் பிளேன்டீ குடித்தோம், ஆளுக்கு ஒரு பணிஸ், இனிப்புப் பன். மதியம் சாப்பிடவே இல்லை என்று அப்போதுதான் ஞாபகம். பிறகு மேலே வந்து செயலியை அனுப்பினோம்.

ஒக். 18, சனி

டவுனில் தீபாவளிச் சனம். நடக்க முடியவில்லை. நீலச் சேர்ட், வாங்கியாயிற்று. செல்வா இதுவும் ஒபிசில் யாரிடமோ இருக்கிறது என்கிறார்.

பரிசீலனைக்காரர்கள் கேள்வி அனுப்பியிருந்தார்கள். வெளியார் கருவி எதை எடுக்கிறது, எதற்கு, யாரோடு பகிர்கிறது. திங்கட்கிழமை வந்திருந்தால் உறைந்துபோயிருப்பேன். இன்று சமையலறை மேசையில் ஒரே மூச்சில் எழுதினேன். எடுப்பது: வாங்கியதற்கான சீட்டு, கருவியே போடுகிற இலக்கம். எடுக்காதது: பெயர், வயது, பள்ளி, விளம்பர எண். எல்லாம் கண்ணால் பார்த்தது, அதனால் சொல்லைத் தேடவேண்டி வரவில்லை.

ரிஸ்னாவுக்கு அனுப்பினேன். ஓர் எழுத்துப்பிழை பிடித்தாள். சரி என்றாள்.

ஒக். 19, ஞாயிறு

முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, கை முழுக்க மா. செல்வா எடுத்துக் காதில் வைத்தார்.

“ஏத்துக்கிட்டாங்க கலாக்கா” என்றாள் ரிஸ்னா.

அடுப்பை அணைக்காமலே உட்கார்ந்தேன். செல்வாதான் “என்னாச்சு, என்னாச்சு” என்று கேட்டுக்கொண்டே இருந்தார், தலையை ஆட்டிக் காட்டினேன்.

வைப்பதற்கு முன் ரிஸ்னா சொன்னாள், கொழும்புக்கு வரவில்லை என்று அந்தக் கம்பனிக்கு வெள்ளிக்கிழமையே பதில் போட்டுவிட்டாளாம். வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஒன்றும் நிச்சயமில்லை. ஏன் அன்றைக்கு என்று கேட்டேன். “பணிஸ் சாப்பிட்டுட்டு வீட்ட போன பிறகு அனுப்பினேன்” என்றாள்.

முறுக்கு ஒரு சட்டி கரிந்தது. செல்வா நன்றாக இருக்கிறது என்று சாப்பிடுகிறார்.

மாலதி டீச்சருக்குச் சொல்லியாயிற்று. ச.வுக்கு ஒரு வரி அனுப்பினேன்: செயலி வருகிறது, மகளைச் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். கைகூப்பும் படம் ஒன்று மட்டும் வந்தது.

ஒக். 21, செவ்வாய்

மழை விட்டிருந்தது. நேற்று தீபாவளி, எழுதவில்லை. ரிஸ்னா வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினோம், அவள் உம்மா வட்டிலப்பம் அனுப்பினார்.

காலையில் அறையைத் திறந்தபோது ரிஸ்னா ஏற்கெனவே கணக்குப் பக்கத்தின் முன். முதல் சந்தா. யாரோ பெருக்கலைப் போட்டு, கட்டி, கதைகளைத் திறந்திருக்கிறார்கள். திரையில் கருவி போட்ட நீளமான ஓர் இலக்கம், இலங்கை என்ற நாட்டுப்பெயர், வேறொன்றும் இல்லை.

“யாராக்கும் கலாக்கா?”

தெரியாது என்றேன். இருவரும் அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.