ஓநாய்க் காது

குமணன்சாவடி நாய் ஆஸ்பத்திரியில் காத்திருந்தேன். கம்பவுண்டர் பிளாஸ்திரியைச் சரக்கென்று கிழித்ததும் அந்த வாசனை வந்தது. உன் மொட்டை மாடி வாசனை. மூச்சை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். வேறொன்றும் ஆகவில்லை.

நீ அல்சேஷன் குட்டிகளின் காதுகளுக்குப் பிளாஸ்திரி சுற்றி நிமிர்த்தி வைப்பாய். காது தொங்கினால் ஓநாய்க் களை போய்விடுமாம். அந்தக் களைக்காக அப்பன் நாயையும் அதன் மகளையுமே இணை சேர்த்துவிட்டாய். தடுப்பூசி போடச் சொன்னால், "ஓநாய்க்கு எவன் மச்சான் ஊசி போட்டான்? அது நல்லாத்தான கீது?" என்பாய். உன்னோடு வாதாடுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

கடைசியாகப் பிறந்த குட்டிகளில் ஒன்று மட்டும் கறுப்பு. ஒரே பிரசவத்தில் இரண்டு அப்பன்கள் இருக்கலாம் என்று அன்றுதான் தெரிந்தது. எதிர்த்தெரு நாய் கறுப்பன் எப்போதோ மாடியேறியிருக்கிறான். "மானம் பூட்ச்சு மச்சான்" என்று தலையில் அடித்துக்கொண்டாய். ஆனாலும் அதன் காதுக்கும் பிளாஸ்திரி சுற்றினாய்.

குட்டிகளுக்குப் பார்வோ வைரஸ் நோய் வந்தது. வாந்தி, ரத்தபேதி. அந்தக் கறுப்புக் குட்டி கறுப்பியைத் தவிர எல்லாம் செத்துப்போயின. இந்த நாய் ஆஸ்பத்திரி டாக்டரம்மா திட்டவில்லை.

"ஓநாய்க்கும் இது வரும், குட்டிங்க சாகும். ஆனா நோயை எதிர்க்கிற ஜீன் அதுங்களுக்குள்ள பல தினுசா இருக்கும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு தாங்கும். நீங்க மூஞ்சியை ஓநாயா வெச்சிட்டு, உள்ள எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கிட்டீங்க."

"கறுப்பி அதனாலதான் பொழைச்சுதா?" என்று கேட்டாய்.

"இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. மத்த நோய்க்காவது ஊசி போடுங்க."

இதோ அதோ என்று தள்ளிப்போட்டாய். அதற்குள் நீயே படுத்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் உன் புறங்கையிலும் அதே வெள்ளைப் பிளாஸ்திரி. மூச்சு வாங்கிக்கொண்டே, "கறுப்பிக்கு ஊசி போட்டுகினு வந்தியா மச்சான்?" என்றாய். நான் வாய் திறப்பதற்குள் நர்ஸ் என்னை வெளியே அனுப்பினார். மறுபடி உள்ளே விட்டபோது நீ இல்லை.

எல்லோரும் அழுதார்கள். எனக்கு அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், தூங்குகிறேன்.

கறுப்பி என் வீட்டில்தான் இருக்கிறாள். உன் பிளாஸ்திரி பாதிதான் பலித்தது. ஒரு காது நிற்கிறது, ஒன்று தொங்குகிறது. வருடம் தவறாமல் இங்கே கூட்டி வருகிறேன். இன்றும் ஊசி இறங்கும்போது, நிற்கிற காதைப் பிடித்துக்கொண்டு குனிந்து சொன்னேன். அவளுக்கு இல்லை, உனக்கு.

போட்டாச்சு மச்சான்.