பகலில் போடாத சொட்டு மருந்து

அஃப்சருன்னிசாவுக்கு,

உனக்குத் தெரியட்டும் என்று பெரிய எழுத்தில் எழுதுகிறேன். நோன்புக் கஞ்சிக்கு அரிசி ஊறுகிறது.

நேற்று டாக்டரிடம், "வலியே இல்லீங்களே, நோன்பு மாசத்துல மட்டும்தான் பகல்ல சொட்டு மருந்து போடல" என்று சிரித்தாய். கிளாக்கோமா என்கிற இந்தக் கண் அழுத்த நோய் வலிக்காமலே கண்ணைத் தின்றுவிடுமாம். இடது கண் போனது போனதுதான் என்று கையை விரித்துவிட்டார். அந்த ஆற்றாமையில்தான் வீட்டுக்கு வந்து கத்தினேன்.

வலது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் பார்வை மிச்சம். அதுவும் நிற்குமா, தெரியவில்லை. சொட்டு மருந்தால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிவிட்டார். மதியம் மந்தைவெளிக் கடையைச் சாத்திவிட்டு வந்து நானே போடுகிறேன்.

உன் கணவன் இனாயத்

பி.கு.: தாழ்ப்பாள் போடாதே. நேற்று பக்கத்தில் நின்ற என்னையே "யாரு?" என்று கேட்டாயே, இன்று கேட்காதே. நான்தான் வருவேன்.