இரண்டாவது கிணற்றில் வந்த தண்ணீர்

கம்பைநல்லூர்,
ஜூன் 11.

அன்பு மகள் அமுதாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கே நான், உன் அம்மா, கறவை மாடு எல்லாரும் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் அஸ்ஸாமில் சுகமாகத்தான் இருப்பாய், பெற்றவன் எட்டு நாளாகப் போன் போட்டும் எடுக்காத அளவுக்குத் தெம்பு இருக்கிறதே. அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பார்.

அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது, தைலம் தேய்க்கிறாள், ஜெபமாலை உருட்டுகிறாள். அவளிடம் மட்டும் தினம் பேசுகிறாயாம். பேசு. ஆனால் அவள் அண்ணன் செபாஸ்டினைப் பற்றி நீ இதுவரை வாய் திறக்கவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நல்ல பிள்ளை, அப்படியே இரு. மழை இல்லை. செபாஸ்டின் மாமா மாந்தோப்புக்கு வாரம் ரெண்டு தடவை டேங்கர் தண்ணீர் ஊற்றுகிறான், அறுபது மரத்துக்கு அது எந்த மூலைக்கு?

போனில் என்னைப் பார்த்து நீ கேட்ட கேள்விக்கு இப்போது நிதானமாகப் பதில் சொல்கிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் நாங்கள் தஸ்தகீர் பைப் கடையில் உட்காருவது உனக்குத் தெரியும். ஒரு வருஷமாக அங்கே உங்கள் எண்ணெய்க் கம்பெனி ஷேரைத் தவிர வேறு பேச்சே கிடையாது. நீ அங்கே பாறைத் தூளைக் கழுவிச் சோதிக்கிற வேலைக்குப் போனதிலிருந்து ஊரே எண்ணெய் நிபுணர் ஆகிவிட்டது. தண்ணீருக்குப் போர் போட்டே அழிந்த ஊர் இல்லையா, எல்லாரும் அதே கணக்கில்தான் பேசுவார்கள். உன் மாமா என்ன சொல்வான் என்றால், கம்பெனி தோண்டுன மொத கெணத்துல கேஸ் வாசம் வந்துச்சுல்ல மச்சான், ஈரமண்ணு தெரிஞ்சா இன்னும் நூறடி ஓட்டணும்பாங்க, ரெண்டாவது கெணத்துல வந்தே தீரும் என்பான். தஸ்தகீர் ஒருவன்தான் ஒத்துக்கொள்ள மாட்டான். எண்ணெய் வரும்னு தெரிஞ்சா கம்பெனிக்காரங்களே வாங்கி வெச்சுக்குவாங்க, நம்மகிட்ட ஏங்க விக்கிறாங்க என்பான். நான் ஆண்டறிக்கையைப் பிரித்து வைத்துப் பக்கம் பக்கமாகப் படித்து அவன் வாயை அடைப்பேன். அன்றைக்கு நானும் நம்பித்தான் பேசினேன், அதை நீ நம்ப வேண்டும்.

அப்புறம் போன மாதம் நீ அழுதுகொண்டே போன் பண்ணினாய். ரெண்டாவது கிணறும் போயிற்று அப்பா, வெறும் உப்புத் தண்ணீர், என் வேலை இருக்குமா தெரியவில்லை, யாரிடமும் சொல்லாதீர்கள் என்றாய். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இங்கே தண்ணீருக்குத் துளை போட்டால் புழுதி வருகிறது, அங்கே எண்ணெய்க்குத் துளை போட்டால் தண்ணீர் வருகிறது. எப்போது வெளியே அறிவிப்பார்கள் என்று ஒன்றே ஒன்று கேட்டேன். உன் வேலைக்காகக் கவலைப்பட்டுக் கேட்கிறேன் என்று நினைத்து, ஜூன் முப்பது என்றாய்.

அடுத்த ஞாயிறு கடையில் அந்த ஷேரைப் புகழ்ந்து நான் பேசின மாதிரி என்றைக்கும் பேசினதில்லை. தஸ்தகீர்கூட, அதெல்லாம் சரிங்க, நீங்க இப்ப வாங்குறீங்களா என்று கேட்டான். காதில் விழாத மாதிரி டீயைக் குடித்தேன். மறுநாள் காலை மார்க்கெட் திறக்கிற நேரத்துக்கு மாமாவின் தோப்புக்குப் போனேன். ரோட்டுக்கு எடுத்த நிலத்துக்கு வந்த நஷ்டஈடு அவன் பாங்கில் இருந்தது, புது போர் போட வைத்திருந்தான். அதை ஷேரில் போடச் சொன்னேன். நம்ம புள்ள வேல பாக்குற கம்பெனி மச்சான், இதுல வந்தா ரெண்டு போரு போட்டுக்கலாம் என்றான். உங்கள் ஷேர் ஒரு நாளைக்கு நூறு, இருநூறுகூடக் கைமாறாது, நான் வாங்கி வைத்திருந்த நாலாயிரம் ஷேரை வேறு யார் தலையில் கட்டுவது? கண்ணாடி கொண்டு வரவில்லை, நீயே போட்டுவிடு என்று அவன் போனை என் கையில் கொடுத்தான். இடது கையில் அவன் போன், வலது கையில் என் போன். என்னுடையதில் விற்றேன், அவனுடையதில் வாங்கினேன். அவன் டேங்கர்க்காரனுக்குக் குழாய் பிடிக்கப் போய்விட்டான்.

அவர் உங்களுக்கு என்ன பாவம் செய்தார் என்று கேட்டாயே. ஒரு பாவமும் செய்யவில்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஞானஸ்நானத்தில் உன்னைத் தூக்கி நின்றவன் அவன், ரெண்டு பசுவை விற்று உன் காலேஜ் பீஸ் கட்டியவன் அவன். பங்குச் சாமியாரிலிருந்து பஸ் கண்டக்டர் வரை, செபாஸ்டின் படிக்க வெச்ச புள்ளை என்றுதான் உன்னைச் சொல்கிறார்கள். லியோன் மகள் என்று ஒருத்தன் சொல்லி நான் கேட்டதில்லை. நீ பட்டம் வாங்கின போட்டோ கூடத்தில் மாட்டியிருக்கிறது, நடுவில் நிற்பது யார் என்று உனக்கே தெரியும். நான் ஓரத்தில், பாதித் தோள் வெட்டுப்பட்டு நிற்கிறேன். பத்து வருஷமாக அதன் கீழே உட்கார்ந்து சோறு தின்கிறேன், வயிறு எரிகிறது.

ஷேர் வாங்கின சந்தோஷத்தை உடனே அவன் உனக்குப் போனில் சொல்லிவிட்டான், நீ என்மேல் பாய்ந்தாய். மாமாவிடம் சொல்லிவிடுவேன் என்கிறாய். தாராளமாகச் சொல். உனக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்க மாட்டான், பாவம். ஆனால் அவன் அவசரமாக விற்றால் வேறு யாராவது கேட்பார்கள். கிணற்றுச் செய்தியை வெளியே விட்டது யார் என்று உங்கள் கம்பெனி தேடினால் முதலில் வருவது உன் பெயர்தான். இந்தக் கடிதத்தைக் காட்டினாலும் அதே கதைதான். வேலை போகும், கேஸ் வரும், அம்மா அந்த முட்டியோடு கோர்ட் படி ஏறுவாள். நீயும் நானும் சேர்ந்துதான் இதைச் செய்தோம் அமுதா, பழகிக்கொள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே, வெந்நீர் குடி. அட்டை கடித்தால் பிடுங்காதே, உப்பு வை. போனை எடு. இதோடு அனுப்புகிற பார்சலில் மாங்காய்த் தொக்கு இருக்கிறது, காய் மாமா தோப்பினுடையது, உனக்கென்று அவனே மரம் ஏறிப் பறித்தான். இனி அந்த மரங்கள் எத்தனை வருஷம் காய்க்குமோ, அதனால் வீணாக்காமல் தின்று முடி. தேவமாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

கவரின் மேல் விலாசத்தைக் கவனித்தாயா? என் இங்கிலீஷ் எழுத்து அந்த ஊர்த் தபால்காரருக்குப் புரியாது என்று மாமாவையே எழுதச் சொல்லப் போகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிறுத்தி நிறுத்தி அழகாக எழுதுவான். தர்மபுரிக்குப் பஸ் ஏறி ஸ்பீட் போஸ்ட்டில் போடப் போவதும் அவன்தான். கவரை ஒட்டாமல்தான் கொடுக்கப் போகிறேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற ஆள் அவன் இல்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அப்பா,
லியோன்