கம்பியில் தொங்கிய ஏப்ரன்கள்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டுக் குளியலறை வாளியின் கைப்பிடி இன்று காலை தன் நெடுங்காலச் சேவையிலிருந்து ஓய்வுபெற்றது. அன்னாரின் இடத்தில் ஒரு சணல் கயிறு தற்காலிகப் பொறுப்பேற்றுள்ளது. அக்கா, உன் அருமைத் தம்பிதான் எழுதுகிறேன். அம்மாவுக்குக் கை ஒழியவில்லையாம், வாய் மட்டும் ஒழிந்திருக்கிறது, அதனால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். இனி ‘நான்’ என்று வந்தால் அது அம்மா. அடைப்புக்குறிக்குள் வந்தால் அது அடங்காத நான்.

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே மற்ற எல்லோரும் சுகம், நீயும் உன் அறைத்தோழிகளும் முழங்கால் உட்பட முழுசாகச் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு பஸ் டெப்போவில் இந்த மாதமும் மாலை ஷிப்டுதான், கிரீஸ் கறையோடு வந்து தலையணை உறையில் கை துடைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. உன் தம்பி கணக்கில் தேறிவிட்டான். (தேறினேன் என்பது அடக்கமான சொல், வாத்தியாரே அசந்துபோனார்.) பார்த்து எழுதிவிட்டானோ என்று வாத்தியார் அசந்துபோனது எனக்கும் தெரியும், அதையும் எழுதுடா.

சரி, பெண்கள் தினம் எப்படிப் போனது என்று நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பெண்கள் தினத்தை உன் அறைத்தோழிகள் நாலு பேர் ஊரிலும் நாலு விதமாகக் கொண்டாடுவார்கள் என்று போன மாதம் போனில் சொன்னாயே, அதை அப்படியே எங்கள் லாண்டரியில் வேலைக்குப் போனபோது சொன்னேன், மடிக்கும் மேசையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒருத்தி ஊரில் ஆண்கள் மஞ்சள் பூங்கொத்தோடு தெருவில் அலைவார்கள், இன்னொருத்தி ஊரில் நாடே விடுமுறை, அன்றைக்கு ஆண்கள்தான் சமைப்பார்கள், மறுநாள் பெண்களுக்காகப் பாத்திரம் மலைபோலக் காத்திருக்கும், மூன்றாமவள் ஊரில் பெண்களுக்கு மட்டும் அரை நாள் லீவு, ஆனால் மிச்ச அரை நாளில் முழு நாள் வேலையையும் முடிக்க வேண்டும் என்றாய். நாலாமவள் ஊரில் பூவும் கிடையாது கேக்கும் கிடையாது, பெண்கள் வேலையை நிறுத்தி ஏப்ரனைக் கழற்றிப் பால்கனியில் தொங்கவிட்டுத் தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்றாயே, அதுதான் என் மனசில் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. நம் லாண்டரியில் எப்படி என்று உனக்கே தெரியும், ஆளுக்கு ஒரு ரோஜா, ஒரு பிளாஸ்டிக் டப்பா, மேனேஜரோடு ஒரு போட்டோ, போட்டோ எடுத்த கையோடு திரும்பவும் நிற்கப் போக வேண்டும். காலையில் நிற்க ஆரம்பித்தால் ஓட்டல் பெட்ஷீட்டும் ஆஸ்பத்திரித் துண்டும் மடித்து முடிக்கிற வரைக்கும் நிற்பதுதான். (மகளிர் தினம் வருஷத்துக்கு ஒரு நாள், மகளிர் நிற்பது தினமும். நான் சொன்னதுதான் இது, அம்மா லாண்டரியில் தான் சொன்னதாகச் சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டாள்.)

எனக்குக் கால் நரம்பு புடைத்திருப்பது புதுசில்லை, அதை விடு. எங்கள் கூட்டத்திலேயே சின்னவள் ஒருத்தி ஏழு மாதம் மாசமாக இருக்கிறாள், அவள் காலி சோப்புப் பவுடர் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டே மடித்தாள். வேலை ஒரு துளி குறையவில்லை. மேனேஜர் பார்த்துவிட்டு, உட்கார்ந்தால் கை மெத்தனமாகிவிடும் என்று சொல்லி டிரம்மை எடுத்துப்போகச் சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன், இந்த வருஷம் ரோஜா வேண்டாம், உட்கார ஸ்டூல் வேண்டும், அது வரும்வரை விடுவதில்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பெண்கள் தினத்தன்று வந்ததும் ஏப்ரன்களைக் கழற்றித் தெருவில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி முன்வராண்டாக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டோம். மேனேஜர் பூவோடு வந்ததும் முதலில் அதைப் பார்க்க வேண்டும், பார்த்து என்னவென்று கேட்க வேண்டும், நாங்கள் சொல்ல வேண்டும், இதுதான் திட்டம். உடுப்பு மாற்றும் அறையில் நின்று யார் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துவிட்டு வெளியே வருகிறோம், கம்பி வெறுமையாக இருக்கிறது. ஒரு ஏப்ரனைக்கூடக் காணோம்.

எங்கள் புத்தியைச் சொல்ல வேண்டும். லாண்டரியில் அந்தக் கம்பியில் எது தொங்கினாலும் அது துவைக்க வேண்டிய துணி, அங்கே காலம் காலமாக அதுதான் வழக்கம். எங்கள் போராட்டத்தைப் பாய்லர் பார்த்துக்கொள்கிற அண்ணன் அள்ளிக்கொண்டுபோய் மெஷினில் போட்டு, கஞ்சியும் ஊற்றி ஓடவிட்டிருக்கிறார். கேட்டால், “தொங்குச்சு, தொவைச்சேன். கம்பியில தொங்குனா அழுக்குன்னுதானே அர்த்தம்?” என்கிறார் பாவம். சின்னவளுக்கு அழுகையே வந்துவிட்டது, இன்னொருத்தி சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். (உலகத்திலேயே சலவைக்குப் போன முதல் போராட்டம். இனி யாரும் அதைக் கறைபடிந்தது என்று சொல்ல முடியாது.)

அந்த நேரம் பார்த்து மேனேஜர் ரோஜாக் கட்டோடும் போட்டோ எடுப்பவரோடும் வந்தார். வாசலில் ஓட்டல் வேன் வேறு பெட்ஷீட்டுக்குக் காத்து நிற்கிறது. இன்னும் ஏன் யாரும் வேலையை ஆரம்பிக்கவில்லை என்றார், ஏப்ரன் துவைக்கப் போயிருக்கிறது என்றேன், பரவாயில்லை இன்றைக்கு ஒரு நாள் ஏப்ரன் இல்லாமல் பாருங்கள் என்றார். இஸ்திரி உருளைக்கு மேலே, ஏப்ரன் போடாதவர்கள் இந்த மெஷினையும் மேசையையும் நெருங்கக் கூடாது என்று அவரே கையெழுத்துப் போட்டு மாட்டிய போர்டு இருக்கிறது, அதைக் காட்டினேன். போர்டைப் பார்த்தார், வாசலில் நின்ற வேனைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, திட்டம் போய்விட்டதே என்று நாம் ஏன் வருத்தப்பட வேண்டும், இதைவிட நல்ல நேரம் வராது. நான் போய் ஒரு துணி மூட்டை மேல் உட்கார்ந்தேன். ஒருத்தர் பின் ஒருத்தராக எல்லோரும் உட்கார்ந்தார்கள். யாரைக் கேட்டு உட்காருகிறீர்கள் என்று சத்தம் போட்டார். எழுந்திருக்காமலே சொல்லிவிட்டேன்: “ஏப்ரன் காயறதுக்குள்ள ஸ்டூல் வந்துட்டா, காஞ்சதும் வேலை நடக்கும் சார். வரலைன்னா எல்லாத்தையும் மறுபடி கம்பியில மாட்டிருவோம்.”

முதலாளிக்குப் போன் போனது, வேன்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார், கடைசியில் எங்கிருந்தோ ஆறு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. நாங்கள் பதினாலு பேர். ஆறைப் பார்த்ததும் எல்லோரும் கைதட்டினார்கள், நான் தட்டவில்லை. சின்னவளுக்கு முழு நாளும் ஒன்று, மற்றவர்களுக்கு முறை வைத்து மீதி என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். தள்ளுவண்டிக்கு இடைஞ்சல் என்று சொல்லி மேனேஜர் சாயங்காலமானால் அவற்றை ஸ்டோர் ரூமில் போட்டுவிடுகிறார், காலையில் நானே போய் எடுத்துவந்து போடுகிறேன். அவர் சலிக்கட்டும், நான் சலிக்கப்போவதில்லை. மீதி எட்டும் வர வேண்டும்.

வேலையை விட்டுவிடு, நான் அனுப்புகிற பணம் போதும் என்று நீ சொல்வது எனக்குப் புரியாமலில்லை கண்ணு. ஆனால் நான் விட்டால் என் இடத்தில் இன்னொருத்தி வந்து நிற்பாள், அவளுக்கும் கால் இருக்கிறது. அதனால் இதை இனி கேட்காதே, கேட்டால் இதே பதில்தான் வரும். (வீட்டுப் பக்கம் கவலை வேண்டாம் அக்கா. பெண்கள் தினத்தன்று நம் வீட்டில் சமையல் முழுக்க நான்தான். சோறு கொஞ்சம் கரிந்தது, அப்பா அதை மணம் என்று நினைத்துச் சாப்பிட்டார். அதோடு விடவில்லை, இந்த வருஷக் கடைசிவரை அம்மா அடுப்படியில் நிற்கக் கூடாது என்று உறுதிமொழியே எடுத்திருக்கிறேன். ஒரே ஒரு நாள் பூ கொடுக்கிற உன் தோழிகள் ஊர் ஆண்களை என்னிடம் அனுப்பு, பாடம் நடத்துகிறேன்.)

நீயும் ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் நின்றுதான் நர்ஸ் வேலை பார்க்கிறாய், இடையில் உட்காரக் கிடைத்தால் கூச்சப்படாமல் உட்கார். காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, அடுத்தவள் ஷிப்டையெல்லாம் நல்ல பேருக்காக இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. அந்த நாலாவது தோழியிடம் சொல், அவள் ஊர் வழக்கம் இங்கே நன்றாக வெளுத்து, கஞ்சி போட்டு விறைப்பாக நிற்கிறது என்று. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய் நொடி அண்டாமல், தலை நிமிர்ந்து இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு, அப்பா பேசமாட்டார், பக்கத்திலேயே நிற்பார்.

என்றும் உன்னை நினைத்தபடி இருக்கும்
அம்மா

(அக்கா, இதை அம்மா படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அந்த உறுதிமொழி மூன்று நாள்தான் தாங்கியது. இந்தக் கடிதம் முழுவதையும் அம்மா அடுப்படியில் நின்றுகொண்டே சொன்னாள், இப்போதும் நின்று குழம்பைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் இருக்கிற ஒரே நாற்காலியில் நான் உட்கார்ந்து, உட்காரும் உரிமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எழுந்துவிட்டேன். கடைசி இரண்டு வரியும் நின்றுகொண்டே எழுதியது, அதனால்தான் கோணல்.)