சிவப்பு டேப் ஒட்டாத டிஸ்க்

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, மாமா எல்லோரும் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். என்னைப் பற்றி அப்படி எழுதத்தான் கை வரவில்லை. அப்பா புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து மாடிப்படியில் தடவித் தடவி இறங்குகிறார், கேட்டால் படிதான் நகருதுங்கிறார். நம் கம்ப்யூட்டர் கடை வாசலில் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், வாடிக்கையாளர்கள் பலகை மேல் ஆடிக்கொண்டே வருகிறார்கள். இப்படியே ஊர்க்கதை பேசித்தான் போனிலும் மழுப்பினேன். உன் ஹார்டு டிஸ்க்கை நான் கெடுத்துவிட்டேன்டி.

உன் தோழியிடம் கொடுத்தனுப்பி, கரகரன்னு சத்தம் போடுது, புது டிஸ்க்ல நீயே மாத்திக் குடும்மா, வேற யாரையும் நம்ப மாட்டேன் என்றாயே, அதுதான். கடையில் எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். பழைய டிஸ்க்கில் சிவப்பு டேப், புதியதில் பச்சை. ஒன்றில் இருப்பதை அப்படியே மற்றதன் மேல் எழுதும் காப்பி அது, ஓட விடுவதற்கு முன் ஒருவர் எதிலேர்ந்து எதுக்குன்னு சத்தமாகக் கேட்க வேண்டும், மற்றவர் திரையைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத பல் டாக்டரின் எக்ஸ்ரே படங்களுக்குக்கூட இதை விட்டதில்லை. அன்றைக்கு மாமா, கொஞ்சம் இரு அக்கா, சாப்பிட்டு வந்துடறேன்னு சொன்னான். நம்ம பொண்ணோடதுதானே, இதுக்கெல்லாமாடான்னு நான் சிரித்தேன். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே கறுப்பு. டேப் ஒட்டவில்லை. எதிலிருந்து என்ற இடத்தில் புது டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அதிலிருந்த வெறுமையெல்லாம் உன்னுடையதன் மேல் ஏறிக்கொண்டிருந்தது, நான் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். மாமா வந்து பார்த்துவிட்டு, அக்கா, என்னக்கா இதுன்னு கத்தியபோதுதான் கேபிளைப் பிடுங்கினேன். இத்தனை வருஷத் தொழில்காரி, வெட்கமாக இருக்கிறது.

நீ ஊரை விட்டுக் கிளம்பும்போது அந்த டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து முதல் பகுதிக்கு வேலை, இரண்டாவதற்கு வீடு என்று பெயர் வைத்துக் கொடுத்ததும் நான்தான். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதேடி என்று அறிவுரை வேறு. அழிப்பு முன்னாலிருந்து தொடங்கும் என்பதால் வேலை முழுசாகப் போய்விட்டது. நீ வரைந்த படக்கதை ஒரு பக்கம்கூட இல்லை. தரவு மீட்கிறவரிடம் மாமாவே கொண்டுபோனான், மேலே வேற எழுதிட்டா ஒண்ணும் பண்ண முடியாதுங்க என்று அவர் கையை விரித்துவிட்டார். வீடு மட்டும் அப்படியே கிடைத்தது. அப்பாவின் தொப்பைப் படம், நான் வாயைத் திறந்து தூங்கும் படம், மாமா மொட்டைத் தலையோடு நிற்கும் படம், ஒன்றுகூடக் குறையவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. எங்கள் மூஞ்சியெல்லாம் தொலைந்து உன் கதை தப்பித்திருக்கக் கூடாதா?

போன வாரம் நீ போனில், புத்தகம் போடறவர் படம் எங்கேன்னு நச்சரிக்கிறார், எங்கம்மா கையில இருக்கு, கவலையே வேண்டாம்னு சொல்லிட்டேன்மா என்றாய். நானும் ம், ஓடிக்கிட்டிருக்குன்னு சொன்னேன். டிஸ்க் போனது கைத்தவறு, இது மனமறிந்து சொன்ன பொய். இதனால் நீ அவரிடம் அவகாசம் கேட்காமல் ஒரு வாரம் வீணாகிவிட்டது. படித்ததும் முதலில் அவரிடம் பேசு. அம்மாதான் அழிச்சாங்கன்னு சொல், மறைக்காதே.

அப்புறம் எனக்குப் போன் போடு. பரவாயில்லம்மா என்று மட்டும் சொல்லிவிடாதே, தாங்க மாட்டேன். நன்றாகத் திட்டு, உனக்கா வாய் இல்லை?

இத்துடன் புது டிஸ்க்கில் வீட்டை ஏற்றி அனுப்புகிறேன், இந்த முறை மாமா கேட்டான், நான் பதில் சொன்னேன். நீ மறுபடி வரைவாய், நல்லாவே வரைவாய், நோய்நொடி இல்லாமல் இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. இனி யாரிடம் எதைக் கொடுத்தாலும் உன்னிடம் ஒரு காப்பி வைத்துக்கொண்டு கொடு. வாங்குகிறவள் அம்மாவாக இருந்தாலும்.

என்றும் உன் நல்லதையே நினைக்கும்,
அம்மா